வாய் பார்க்கும் பிள்ளை

டோம்பிவிலி கிழக்கில் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். படிக்கிற பிள்ளையைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். நாம் பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டான், வாயைப் பார்ப்பான். சொசைட்டி மீட்டிங்கில் தண்ணீர் டேங்கர் செலவைப் பற்றி நாம் கொதித்துப் பேசிக்கொண்டிருப்போம். அவனோ தலையைச் சாய்த்து, குனிந்து, கடைசியில் மெதுவாகச் சொல்வான்: “மாமா, உங்க 36-ல சொத்தை ஆழமாப் போயிருக்கே, ரூட் கனால் பண்ணிண்டுடலாமே?”

36 என்றால் கீழ்த்தாடை இடது பக்கத்து ஆறாவது பல். வாயை நாலு பாகமாக்கி, முதல் எண்ணில் பாகத்தையும் இரண்டாவது எண்ணில் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் குறிக்கிற கணக்கு அது. பெயர், கோத்திரமெல்லாம் இவனுக்கு மறந்து போகும், நம்பர் மறக்காது. இவனைப் பொறுத்தவரை பி விங் மாமி 48, வாட்ச்மேன் 26.

பி.டி.எஸ். நாலு வருஷம், இன்டர்ன்ஷிப் ஒரு வருஷம். பிறகு நீட் எம்.டி.எஸ்.: மூன்று மணி நேரத்தில் 240 கேள்வி, 960 மார்க், ஒவ்வொரு தப்புக்கும் ஒரு மார்க் காலி. சீட் கிடைக்காத வருஷங்களில் “பையன் என்ன பண்றான்?” என்று யாராவது கேட்டால், “ப்ரிப்பரேஷன்” என்று சொல்லிவிட்டு அப்பா பேப்பருக்குள் போய்விடுவார். கிடைத்துவிட்டாலோ, மும்பைக் கோட்டையில் ஸென்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி பக்கத்து அரசுப் பல் கல்லூரியா, மும்பை சென்ட்ரலில் 1933-இல் ஆரம்பித்த நாயர் பல் கல்லூரியா என்று வீடே கூடி விவாதிக்கும். அம்மாவின் ஓட்டு கோட்டைக்குத்தான். சி.எஸ்.எம்.டி. வரை ஒரே வண்டி, தாதரில் இறங்கி மாற வேண்டாமே!

பி.டி.எஸ். முடித்தபோது வாய் முழுக்க இவன் ராஜ்யமாக இருந்தது. எம்.டி.எஸ்.ஸில் ஒன்பது பிரிவு, ஒருத்தருக்கு ஒன்றுதான். இவன் எடுத்தது எண்டோ, அதாவது ரூட் கனால் பிரிவு. அதற்கப்புறம் யார் எதைக் கேட்டாலும் கை விரிப்புதான். ஞானப்பல்லைப் பிடுங்கணுமா? “அது ஓரல் சர்ஜரி, மாமி.” ஈறில் ரத்தம் வருகிறதா? “பெரியோ.” பேத்திக்குப் பல் கோணலா? “ஆர்த்தோ.” மாமி ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள்: “அஞ்சு வருஷம் படிச்சப்போ எல்லாம் பார்த்தே. மேற்கொண்டு படிச்சதுல ஒண்ணொண்ணா மறந்துடுத்தாடா கண்ணா?”

பாவம், அவன் கவலை அவனுக்கு. மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்று. ஆனால் பெரும்பாலான பற்களில் கால்வாய் நாலு. அந்த நாலாவது, எம்.பி.2 என்பது, கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். நுனியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே கனமுள்ள ஃபைலை வைத்துக்கொண்டு, முதுகு வளைய அதைத் துழாவுவான். அகப்பட்ட அன்றைக்கு வீட்டுக்கு வரும் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணம் நிச்சயமான பிள்ளை கெட்டான்!

இதெல்லாம் தீசிஸுக்கு முன்னால் தூசு. ஒற்றை வேர், சொத்தையில்லாத, பிடுங்கிய பற்கள் வேண்டும், அதுவும் டஜன் கணக்கில். கம்பி கட்டுவதற்காக நல்ல பல்லையே எடுக்கிற கிளினிக்குகளாகப் பார்த்து, மான்பாடா ரோடு முழுக்க பிளாஸ்டிக் டப்பாவும் கையுமாக அலைவான். எண்ணிக்கை குறைந்தால் தூக்கம் வராது.

அப்படிச் சேர்த்ததை ஒருநாள் காலை ஃபாஸ்ட் லோக்கலில் எடுத்துப் போனான். திவா தாண்டியதும் நெரிசலில் பை ஜிப் பிய்ந்து டப்பா எட்டிப் பார்த்தது. மருந்துத் தண்ணீரில் மிதந்த பற்களைப் பக்கத்தில் நின்றவர் பார்த்தார். பார்த்தவர் ஒதுங்கினார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் ஒதுங்கினார். டோம்பிவிலி வண்டியில், ஆபீஸ் நேரத்தில், ஒரு மனிதன் இரண்டு கையையும் நீட்டிச் சோம்பல் முறிக்கிற அளவுக்கு இடம்!

தீசிஸ் முடிந்து ஆறு மாசம் ஆகிறது. டப்பாவைக் கல்லூரியில் ஒப்படைக்கிற உத்தேசம் அவனுக்கு இல்லை.