நட்சத்திரம் ஏற்றும் முகூர்த்தம்

பக்கத்து வீட்டார் தீபாவளிச் சரவிளக்கையே இன்னும் அவிழ்க்கவில்லை. நாங்கள் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை எப்போது தொங்கவிடுவது? (ஒரு வாசகி, சிகந்திராபாத்)

நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறு, அதாவது திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறே, சம்பிரதாயம் அங்கீகரித்த சுபதினம். அது தவறிற்றே என்று விசனப்படுவோர், தங்கள் நகரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மெதக் பேராலயத்தைத் தரிசிப்பது உசிதம்: 1924 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் தினத்திலேயே பிரதிஷ்டை செய்யப்பெற்ற அம்மகத்தான ஆலயத்தின் வர்ணக் கண்ணாடி ஜன்னல்களில், கிறிஸ்து பரமண்டலத்துக்கு ஏறும் காட்சி 1927-லேயே இடம்பெற்றுவிட, அவர் பிறந்த காட்சி வந்து சேர்ந்ததோ 1947-இல்தான்! ஜனனத்துக்கே இருபது ஆண்டு பொறுத்தவர், தங்கள் நட்சத்திரம் பத்து நாள் தாமதித்தால் கோபிப்பாரா?

குடிலை முன்னதாகவே அலங்கரிக்கலாம்; பாலகனை மட்டும் 24-ஆம் தேதி நள்ளிரவில் கிடத்துங்கள்.

சரி, கழற்றுவது எப்போது?

ஜனவரி 6, மூவரசர் திருநாளன்று. அதற்குமேலும் மொட்டைமாடியில் விட்டுவைத்தால், ஹைதராபாத்துச் சங்கராந்திப் பட்டங்களின் மாஞ்சா நூல் கூலியின்றிக் கழற்றிவிடும்.