சுழியமும் சுழியமும் பன்னிரண்டு

பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது நம் பள்ளிகளில் தலைமுறை வழக்கம். திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. 2022 ஜூன் 13-இல் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியதும் நிலைமை தலைகீழ். தொடக்க வகுப்புகளில் கணக்கே ஆட்டம், பாட்டம், கைதட்டல்தான்.

திருவண்ணாமலைப் பள்ளிகளுக்கும் இதே திட்டம்தான். பல்லாங்குழி ஒன்று போதும்: பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 5 முத்து, ஆக 70. பெருக்கலும் வகுத்தலும் புளியங்கொட்டையிலேயே முடிந்துவிடும். வம்பு தாயக்கட்டையில்தான். இரண்டு கட்டையிலும் வெறும் பக்கம் விழுந்தால் 12! பாட்டியிடம் இப்படிக் கூட்டக் கற்ற பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையால் சுழிக்க எந்த டீச்சருக்கு மனசு வரும்? (வந்துவிடுகிறது என்பது வேறு கதை.)

திசைப் பாடத்துக்கு ஊரே மைதானம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இந்திரன் கிழக்கு, எமன் தெற்கு, வருணன் மேற்கு, குபேரன் வடக்கு என்று எட்டுத் திக்குக்கும் ஒரு லிங்கம். பௌர்ணமிதோறும் அப்பா தோளில் ஏறிச் சுற்றிய பொடிசு, வடகிழக்கு எது என்றால் ஈசானிய லிங்கத்தின் பக்கம் கை காட்டும். பாடநூலைப் புரட்டுவது பெரியவர்கள்தான்.

ஆட்டம் முடிந்ததும் கற்றல் நிலையில் எந்தப் பிள்ளை அரும்பு, எது மொட்டு, எது மலர் என்று டீச்சர் செல்போன் செயலியில் பதிய வேண்டும். சிக்னல் தேடி அவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓட, புது விளையாட்டு போலும் என்று வகுப்பு மொத்தமும் பின்னாலேயே ஓடுகிறது.