ஆச்சியும் ஐந்து முதல்வர்களும்

‘ஆச்சி’ எனப்படும் நடிகை மனோரமாவின் திரைவேடங்களை ஆராயப் புகுவோர், அவ்வேடங்களைச் சென்றடைவதற்கு முன் அவருடன் நடித்த ஐந்து முதலமைச்சர்களைக் கடந்தாக வேண்டும் என்பது தமிழ்நாட்டில் எழுதாச் சட்டமாகிவிட்டது. அண்மையில் ஒளிபரப்பான நினைவு நிகழ்ச்சி ஒன்றிலும் இச்சட்டம் இம்மியும் பிசகவில்லை. தொகுப்பாளர் முன்மொழிந்தார், விருந்தினர் வழிமொழிந்தார், திரையின் அடியில் ஓடிய எழுத்துகளும் அதையே ஓதின.

அண்ணாவும் கருணாநிதியும் நாடக மேடையில், எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் தமிழ்த் திரையில், என்.டி.ராமராவ் தெலுங்குத் திரையில் எனக் கணக்கென்னவோ சரிதான். ஆனால் மனோரமாவுடன் நடித்த காலத்தில் முதல் நால்வருள் ஒருவரும் முதல்வராக இல்லையாதலால், இதனை நடிகையின் சாதனை என்பதா, உடன் நடித்தோர்க்கு வாய்த்த ராசி என்பதா என்பது ஆய்வுக்குரியது. ராசியே எனின், எத்தனையோ படங்களில் அவருக்கு இணையாக நடித்த நாகேஷ் கோட்டைப் பக்கமே போகாதது ஏன்? சோ ‘துக்ளக்’ நடத்தி முதல்வர்களைக் கேலி செய்தாரே அன்றித் தாம் முதல்வராகாதது ஏன்? சிவாஜி கணேசன் 1989இல் திருவையாற்றில் தோற்றது ஏன்? ‘சின்ன கவுண்டர்’ படத்தில் அவருக்கு மகனாக நடித்த விஜயகாந்த், 2011இல் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியோடு நின்றுவிட்டது ஏன்? இவ்வினாக்களுக்கு எந்தத் தொகுப்பாளரும் விடை கூறியதில்லை. கூறப்போவதுமில்லை, ஏனெனில் அதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிடும்.

இதற்கு அடுத்தபடியாக வருவது ‘ஆயிரம் படங்கள்’ என்னும் எண்ணிக்கை. அதற்கும் அடுத்தபடி ‘பெண் சிவாஜி’ என்னும் பட்டம். சிவாஜியை ‘ஆண் மனோரமா’ என எவரும் போற்றியதாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் கடந்து வேடங்களுக்கு வந்தால், தனி நகைச்சுவைப் பகுதி, அதாவது மையக்கதையோடு ஒட்டாமல் தனியே படமாக்கப்பட்டு இடையிடையே செருகப்படும் காட்சித்தொடர், நடிகையரைப் பெரும்பாலும் நகைச்சுவை நடிகரிடம் அடிவாங்கும் மனைவியாகவே வைத்திருந்தது. அதற்குள்ளிருந்து வந்த மனோரமா, 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஊர் ஊராக நாடகமாடும் ஜில் ஜில் ரமாமணியாகி, பத்மினியும் சிவாஜியும் நிறைந்திருந்த படத்தில் தமக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டார். அதே ஆண்டில் ‘பொம்மலாட்டம்’ படத்துக்காகச் சென்னைத் தமிழில் தாமே பாடி நடித்தார். விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்து வேலைக்காரி கண்ணம்மா, குடும்பத்தார் வாய்திறக்கத் தயங்கும் இடத்தில் வாய்திறந்தாள். இவ்வேடங்கள் ஒன்றையொன்று எங்ஙனம் மிஞ்சுகின்றன என்பதே இங்கு விரிவாக நிறுவப்பட இருந்தது. இடத்தை முதல்வர்கள் எடுத்துக்கொண்டனர்.

எனினும் ‘நடிகன்’ (1990) பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முதியவராக வேடமிட்ட சத்யராஜிடம் மனத்தைப் பறிகொடுக்கும் மணமாகாத பெண்மணியாக அதில் வரும் மனோரமா, நடுவயதுக்கு மேல் வரும் காதலைக் கேலிப்பொருளாக்கியும் அப்பெண்ணைக் கேலிப்பொருளாக்காமல் விட்டார். அந்நுட்பம் எழுதிக் கொடுத்து வருவதன்று. நினைவு நிகழ்ச்சி நடத்துவோர் அடுத்த ஆண்டு எதுவும் பேசாமல் அப்படத்தை முழுமையாக ஒளிபரப்பினால் போதும்.