மூடிக் காக்கா

கிண்ணியாவில் இவர் இல்லாத தெரு இல்லை. பெரிய கிண்ணியாவில் ஒருவர், குட்டிக்கராச்சியில் ஒருவர். ஆலங்கேணிப் பக்கம் போனால் காக்காவுக்குப் பதில் அண்ணன், அவ்வளவுதான். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஆனால் மூடிக் காக்காவாக அவர் பிறந்தது 2022இல்.

2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவுக்குப் போன பெற்றோல், அடுத்த ஜூன் முடியுமுன் 470 ஆனது. சல்லி இருந்தாலும் செட்டில் சாமான் இல்லை. பிறகு கியூ.ஆர். அட்டை முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து ஊற்றினார்கள். அன்றோடு மனுசன் தூரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வதை விட்டார். போத்தல் மூடிதான் அளவு. மூடிக்கு 5 மில்லிலீற்றர். குறிஞ்சாக்கேணி பத்து மூடி. திருகோணமலை எண்பது மூடி. மூத்த ராத்தா வீடு பன்னிரண்டு, சின்ன ராத்தா வீடு மூன்று. அந்த வருடத்திலிருந்து சின்ன ராத்தாமேல் பாசம் பொங்கி வழிகிறது.

வீட்டைவிட்டுக் கிளம்புவது தனிச் சடங்கு. தாங்கி மூடியைத் திறந்து, ஒரு கண்ணை மூடி, மறுகண்ணால் உள்ளே பார்ப்பார். பிறகு சைக்கிளைத் தொடையில் சாய்த்து மெல்ல ஆட்டிக் காதைக் கொடுப்பார். "களக் களக்" என்றால் கச்சேரி. "களக்" என்றால் ஆஸ்பத்திரி. சத்தமே இல்லையென்றால் பள்ளிவாசல், அதுவும் நடை.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் அவருக்குப் பெருநாள்தான். "போறதுக்குக் காத்து தள்ளும் தம்பி, வாறதுக்குத்தான் எண்ணெய்" என்பார். திரும்பும்போது கிண்ணியாப் பாலத்தில் அதே காற்று நெஞ்சில் அடிக்கும். அந்தப் பக்கத்துக் கணக்கை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டார். 2009இல் பாலம் திறக்குமுன் பாதைப் படகில் ஏறிக் கடந்த காலத்தை இப்போது பொற்காலம் என்கிறார். அப்போது பாதைக்காரனைத் தினமும் ஏசியவர்களில் முதல் ஆள் இவர்தான்.

மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடமும் விட்டாரா? மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார், என்ன உத்தியோகம் என்பதெல்லாம் பிறகு. "மாப்பிள்ளைட சைக்கிள் லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" அறுபது என்றார்கள். உடனே பிளேன்டீ பால்தேநீராக மாறியது.

சீனன்குடாவைக் கடக்கும்போதுதான் காக்காவுக்கு இரத்தம் கொதிக்கும். வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 அங்கே நிற்கின்றன. ஒன்று ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். மூடிக் கணக்கில் 240 கோடி. "வீட்டுக்குப் பக்கத்துல 99 தாங்கி, நாம போத்தலோட கியூவுல நின்டோம்" என்பார். இந்த ஒரு விசயத்தில் அவரோடு வாதாட எனக்கும் வாய் வராது.

2023 செப்டெம்பர் முதலாம் திகதி கியூ.ஆர். முறை போய்விட்டது. விலையும் அந்த 470இலிருந்து இறங்கியது. காக்காதான் மாறவில்லை. லெமினேட் செய்த கியூ.ஆர். அட்டை இன்னும் அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. "வரும் தம்பி, மறுகாவும் வரும்" என்பார். மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் வீட்டில் போர்வைக்குள். அவர் பாலத்தடியில், கையில் ஹெல்மெட்டோடு. வாகனம் இல்லாத மனுசனுக்கு ஹெல்மெட் எதற்கு என்று வெளியூர்க்காரர் முழிப்பார். ஊர்க்காரர் பிரேக் பிடிப்பார்.

நீங்களும் அந்தப் பக்கம் போனால் ஏற்றிக்கொள்ளுங்கள், நல்ல மனுசன். கொஞ்சம் வேகம் எடுத்தால் பின்னாலிருந்து தோளில் தட்டி, "மெதுவாப் போங்க, எண்ணெய் குடிக்கும்" என்பார். எண்ணெய் உங்களுடையது என்று மட்டும் ஞாபகப்படுத்திவிடாதீர்கள்.