காடியும் கமுக்கமும்: கிள்ளான் பள்ளத்தாக்கு வாகன ஒப்பனைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பொருளை அகம், அகப்புறம், புறம், புறப்புறம் என நான்காகப் பகுத்தார்கள் நம் இலக்கணிகள். ஏன் இப்படிப் பகுத்தார்கள் என்று இன்னும் சண்டை ஓயவில்லை. கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் ஒரு சனிக்கிழமை மாலை அரைமணி நேரம் நின்று பார்த்தவருக்கு அந்த ஐயம் தீர்ந்துவிடும். அது பெரோடுவா மைவிக்காகவே செய்யப்பட்ட பகுப்பு.

அகமாவது, பானெட்டைத் திறந்தாலன்றித் தெரியாதது: டர்போ, ஹாஃப்கட் இன்ஜின் முதலியன. அகப்புறமாவது, பாதி தெரிந்து பாதி மறைவது: தாழ்த்திய ஸ்பிரிங், பெரிய பிரேக், எக்ஸாஸ். (எக்ஸாஸின் குழாய் புறம் என்பார் ஒரு சாரார். ஓசை அண்டை வீட்டுக்காரரின் உறக்கத்துக்குள் புகுவதால் அதனை அகம் என்பாரும் உளர்.) புறமாவது ஸ்போர்ட் ரிம், பாடி கிட், ஸ்பாய்லர், டின்டட். புறப்புறமாவது ஒட்டியதும் தொங்கவிட்டதும்: 'முருகன் துணை' ஸ்டிக்கர், டேஷ்போர்டுப் பிள்ளையார், முன்னால் ஆடும் எலுமிச்சை மிளகாய். 2023 பிப்ரவரி முதல் சாலை வரி வில்லையைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதில்லை என்று அரசாங்கம் அறிவித்ததால், புறப்புறத்துக்கு உள்ளங்கையகல நிலம் கூடுதலாகக் கிடைத்தது. அது தரிசாகக் கிடக்கவில்லை.

இவ்வாய்வின் சிக்கல் இதுதான். மேற்சொன்ன நான்கையும் உரிமையாளர் தாமான் முழுக்கத் தெரியும்படி செய்கிறார், செலவுக் கணக்கோடு சொல்லியும் மகிழ்கிறார். ஆண்டுக்கு ஒரு நாள் ஒரே ஒருவரிடம் மட்டும் ஒன்றுமே இல்லை என்கிறார். அந்த ஒருவர், காடிக்கு ஏதாவது ஆனால் பணம் தர வேண்டியவர்.

கள ஆய்வு பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த காப்புறுதி முகவர் அலுவலகத்தில் நடந்தது.

"தம்பி, காடில ஏதாச்சும் மோடிஃபை பண்ணிருக்கியா?"

"ஆ?"

"மோடிஃபை! மோடிஃபை!"

"இல்லக்கா. எல்லாம் ஒரிஜினல்தான்."

கேள்வியை இரண்டு தடவை கேட்க நேர்ந்தது ஏனெனின், கீழே டபுள் பார்க்கிங்கில் விட்ட காடியை அந்தத் தம்பி அணைக்காமல் வந்திருந்தார். அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தினார், உட்கார்ந்து 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டார். இருவர் முகத்திலும் எந்தச் சலனமும் இல்லை.

ஏன் மறைக்கிறார்கள்? கஞ்சத்தனம் என்பது முதற்கோள். அதைச் சோதிக்கப் பழைய புரோட்டோன் வீராவை எடுத்துக்கொள்வோம். 1.5 லிட்டர் வீராவுக்குச் சாலை வரி 90 வெள்ளி. அதில் 1,834 சிசி கொண்ட 4ஜி93 இன்ஜினை இறக்கினால், தீபகற்ப மலேசியக் கணக்குப்படி 280 வெள்ளியும் 1,800க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 50 காசும், ஆக 297 வெள்ளி. வேறுபாடு 207 வெள்ளி. இன்ஜினுக்கும் பட்டறைக்கும் கொடுத்த ஆயிரங்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. ஆகவே கஞ்சத்தனம் மட்டும் காரணமன்று.

உண்மைக் காரணம் வரிசை. இன்ஜின் மாற்றினால் ஜேபிஜேயின் அனுமதி வேண்டும், புஸ்பாகோமில் காட்ட வேண்டும், கிரானில் புது எண் ஏற வேண்டும். அதைச் செய்யாதவர் காப்புறுதி அக்காவிடம் மட்டும் உண்மை சொல்லி என்ன பயன்? கிரானோடு ஒத்துப்போகாத இன்ஜினை எந்த நிறுவனமும் எழுதிக்கொள்ளாது. இங்கே காப்புறுதிப் பொய் தனிப் பொய்யன்று. புஸ்பாகோமுக்குப் போகாத அன்றே சொன்ன பொய்யின் குட்டி அது.

ரிம்முக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் இந்தச் சாக்கு கிடையாது. இங்கு மறைப்பது வெறும் வழக்கம். 'சொன்னா ஏத்திடுவான்' என்பது தலைமுறைகளாக வாய்மொழியாக வரும் சூத்திரம். அதற்கு உரை எழுதியவர் எவருமில்லை.

இனிச் சட்டம். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை 2015 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. தவறாகச் சொல்வதை அது மூன்றாகப் பிரிக்கும்: தெரிந்தோ பொருட்படுத்தாமலோ சொன்னது, கவனக்குறைவால் சொன்னது, ஒரு பாவமும் அறியாமல் சொன்னது. முதல் வகைக்கு ஒப்பந்தமே செல்லாது என்று நிறுவனம் கைகழுவலாம். இரண்டாம் வகையில், உண்மை தெரிந்திருந்தால் கூடுதல் பிரிமியம் வாங்கியிருப்போம் என்றால், இழப்பீட்டை அதே விகிதத்தில் குறைக்கலாம். 1,000 வெள்ளி கட்ட வேண்டிய இடத்தில் 800 கட்டியவருக்கு, 10,000 வெள்ளி இழப்பீடு 8,000 ஆகும். 200 வெள்ளியை மிச்சம் பிடித்துப் பத்து மடங்கை விட்ட கதை.

கேட்டாலன்றோ சொல்ல வேண்டும் எனின், அதுவும் சரியே. நிறுவனம் கேள்வியைக் குறிப்பாகக் கேட்க வேண்டும் என்பதே சட்டம். அரைகுறையாகவோ சம்பந்தமில்லாமலோ விடை வந்து, நிறுவனம் மேற்கொண்டு தோண்டாவிட்டால், அந்தக் கேள்விக்கான உரிமையை அது விட்டுக்கொடுத்ததாகவே கொள்ளப்படும். இங்கேதான் ஆய்வாளன் நிமிர்ந்து உட்கார்கிறான். 'சும்மா கொஞ்சம்தான்க்கா' என்று இழுப்பது அரைகுறை விடை. அதைத் துருவாமல் விட்டது நிறுவனத்தின் தலையெழுத்து. 'எல்லாம் ஒரிஜினல்தான்' என்பதோ முழு விடை, அதுவும் முழுப் பொய். இழுத்த தம்பி தப்பக்கூடும். அடித்துச் சொன்ன தம்பி மாட்டுவான். நேர்மையைவிட மழுப்பலுக்குச் சட்டம் இடம் தருகிறதே என்று யாரும் குதூகலிக்க வேண்டாம். கேட்காவிட்டாலும், முக்கியம் என்று தனக்கே தெரிந்ததைச் சொல்ல வேண்டிய கடமை அதே அட்டவணையில் உண்டு. காதைப் பிளக்கும் எக்ஸாஸ் வைத்தவர் தமக்குத் தெரியாது என்று சாதிப்பது கடினம்.

2017 ஜூலை முதல், முழுக் காப்புறுதிக்கு ஒரே கட்டணப் பட்டியல் என்ற ஏற்பாட்டை பேங்க் நெகாரா தளர்த்திவிட்டது. காடியையும் ஓட்டுபவரையும் பார்த்து நிறுவனங்களே விலை போடலாம். முன்பு சடங்காகக் கேட்ட கேள்வி இப்போது நிஜமாகவே கேட்கப்படுகிறது என்று பொருள்.

மறைப்பவர் அறியாத சூத்திரங்கள் சில பாலிசியின் பின்பக்கங்களில் எண்ணிட்டுக் கிடக்கின்றன. 89 கண்ணாடிக்கு. 97 நாமே பொருத்திய துணைக்கருவிகளுக்கு. 97ஏ எரிவாயுக் கலனுக்கு. 57 வெள்ளம் முதலிய இயற்கைச் சீற்றங்களுக்கு. கண்ணாடிக்கு எழுதும் தொகையில் பொதுவாக 15 விழுக்காடு பிரிமியம். 1,000 வெள்ளிக்கு 150. டின்டட் செய்தவர் அந்தப் படலத்தின் விலையையும் சேர்த்தே எழுத வேண்டும், இல்லையேல் வெறுங்கண்ணாடிதான் வரும். (முன் கண்ணாடி 70 விழுக்காடு ஒளியையும், முன்பக்க ஜன்னல்கள் 50 விழுக்காடு ஒளியையும் விட வேண்டும். 2019 மே 8 முதல் பின்னால் எவ்வளவு கறுப்பாக்கினாலும் கேட்பாரில்லை. இந்த அளவை மீறியவர் 89ஐப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.)

2021 டிசம்பர் 18ஆம் நாள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த மழையில், ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு வாசலில் நின்ற காடிகள் மிதந்தன. தண்ணீருக்கு அகமும் புறமும் ஒன்றே. பூட்டுக்குள் இருந்த ஆம்பிளிஃபயர், சீட்டுக்கடியில் இருந்த சப்வூஃபர், பளபளத்த ரிம் எல்லாம் ஒரே சேற்று நிறம். 57 எழுதியவருக்குக் காடிக்குப் பணம் வரும். 97 எழுதாதவர் ஆம்பிளிஃபயரைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால், அதுநாள்வரை அது காடியிலேயே இல்லை என்று தாமே சொன்னது குறுக்கே நிற்கும்.

எஞ்சியது பிள்ளையார். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலோ கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலோ, எங்கே பூசை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கினாலும், உரிமையாளரின் நம்பிக்கை ஒன்றுதான்: விபத்து குறையும். அப்படியாயின் அது நிறுவனத்தின் முடிவைப் பாதிக்கும் செய்தியாகிறது, அதை அறிவித்துத் தள்ளுபடி கேட்பதே முறை. ஆனால் பிள்ளையாருக்கென்று எந்த நிறுவனமும் கழிவு தருவதில்லை. பலன் கிட்டினால் மட்டும் பின்னால் தருகிறார்கள்: இழப்பீடு கேளாத முதலாண்டுக்கு 25 விழுக்காடு, பின் 30, 38.33, 45, ஐந்தாமாண்டில் 55. நேர்த்திக்கடன் நிறைவேறிய பிறகு காணிக்கையைத் திருப்பித் தரும் ஒரே துறை இது.

ஆய்வாளனின் தீர்ப்பு வருமாறு. புறப்புறத்தைச் சொல்லத் தேவையில்லை, அதைப் பார்த்தவுடன் அக்காவே கும்பிடுவார். புறத்தையும் அகப்புறத்தையும் ரசீதோடும் படத்தோடும் முகவரிடம் சொல்லி, 97இல் எழுதச் சொல்லுங்கள். அகத்தைச் சொல்வதற்கு முன் புஸ்பாகோமில் ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை காப்புறுதி புதுப்பிக்கப் போகும்போது, தயவுசெய்து கீழே இன்ஜினை அணைத்துவிட்டு மேலே ஏறுங்கள்.