நொடியை நான்காக உடைத்தவர்கள்

கேள்வி: கச்சேரியில் பிழையில்லாமல் தாளம் போடுபவர் அனைவரையும் லயஞானி என்று அழைக்கலாமா?

பதில்: அசையும் கையை மட்டும் பார்த்து அந்தப் பட்டத்தை வழங்கத் தொடங்கினால், சபாக்களின் முன்வரிசை முழுவதும் ஞானிகளால் நிரம்பிவிடும். தாளம் என்பது தட்டு, விரல் எண்ணிக்கை, வீச்சு ஆகியவற்றால் கையில் காட்டப்படும் கணக்குச் சுழற்சி. ஆதி தாளம் 4 + 2 + 2 என எட்டு அட்சரங்களில், அதாவது எட்டு எண்ணிக்கைகளில், முடிந்து மறுபடியும் தொடங்குவது இதற்கு எடுத்துக்காட்டு. லயமோ ஓர் எண்ணிக்கைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் மாறாமல் நிற்பதைக் குறிக்கிறது. எட்டையும் சரியாக எண்ணிக்கொண்டே சுற்றுக்குச் சுற்றுச் சிறிது விரைந்துபோகிறவரிடம் தாளம் இருக்கிறது, லயம்தான் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: 'கண்ட ஜாதி', 'கண்ட நடை' இரண்டும் ஒன்றா?

பதில்: பெயரில் மட்டும் உறவு. ஜாதி என்பது தாளத்தின் ஓர் உறுப்பாகிய லகுவின் நீளத்தைச் சொல்வது. ஆதி தாளத்தின் இலக்கணப் பெயரான சதுஸ்ர ஜாதித் திரிபுடையில் நான்காக இருக்கும் லகு, கண்ட ஜாதியில் ஐந்தாக நீள, சுற்று ஒன்பது அட்சரமாகிறது. நடை என்பது சுற்றின் நீளத்தைத் தொடாமல், ஒவ்வோர் அட்சரத்தின் உள்ளேயும் எத்தனை பகுப்புகள் என்பதைச் சொல்வது. இரண்டுக்கும் திஸ்ரம் (3), சதுஸ்ரம் (4), கண்டம் (5), மிஸ்ரம் (7), சங்கீர்ணம் (9) என்ற அதே ஐந்து பெயர்களைச் சூட்டிய முன்னோர், மாணவர்களின் துன்பத்தைக் கருத்தில் கொண்டதாகத் தெரியவில்லை. ஏழு தாளங்கள் ஐந்து ஜாதிகளால் 35 ஆகி, ஐந்து நடைகளால் 175 ஆகப் பெருகுவதும் இந்தப் பெருக்கல் வழியாகத்தான்.

இந்த எண்களைவிடச் சுவையானவை அவற்றுக்குரிய சொற்கட்டுகள். தகிட, தகதிமி, தகதகிட என்று வாய்விட்டுச் சொன்னாலே மூன்றும் நான்கும் ஐந்தும் ஒலித்துவிடுவதால், இங்கே அமைப்புக்குப் பெயர் வேறு, ஒலி வேறு என்ற பிரிவினையே எழுவதில்லை. செய்யுளுக்கும் இவ்வாறே சந்தக்குழிப்பு உண்டு. அது பாட்டின் பொருளை நீக்கிவிட்டு ஓசையின் அச்சை மட்டும் நிறுத்தும் வாய்பாடு ஆகும். 'பத்து' என்பதற்குத் தத்த, 'பந்து' என்பதற்குத் தந்த, 'பாடு' என்பதற்குத் தான என்று அது குறில் நெடிலை மட்டுமன்றி, வல்லினம் மெல்லினத்தையும் பிரித்துக்காட்டுகிறது. திருப்புகழைப் பாடப் பழகுவோர் பொருள் விளங்குவதற்கு முன்பே ஓசையில் சிக்கிக்கொள்வதற்கு அதை இயற்றிய அருணகிரிநாதரின் இந்தச் சந்தக் கட்டுப்பாடே காரணம்.

கேள்வி: எழுத்தொலியை அளக்கும் மாத்திரை என்பது ஒரு நொடி என்கிறார்களே, அது விநாடியா?

பதில்: விநாடியாக இருந்தால், குறிலுக்கு ஒன்றும் மெய்க்கு அரையும் நெடிலுக்கு இரண்டுமாக, 'அம்மா' என்று அழைத்து முடிக்கவே மூன்றரை விநாடி ஆகும், பசித்த குழந்தைகள் இதற்கு உடன்படமாட்டா. தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவாகக் கூறுவது இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதும், விரல் நொடிக்கும் பொழுதும்தான். தன் இமைப்பைத் தானே அளப்பது அரிதாகையால், இரண்டில் பயன்படத்தக்கது விரல் நொடியே எனலாம். உரையாசிரியர்கள் காட்டும் பழைய சூத்திரம் ஒன்று அதையும் நான்காக உடைக்கிறது: நொடிக்க நினைப்பது கால், விரலை ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், விடுப்பது ஒன்று. ஓசை பிறப்பது இறுதிப் படியில் மட்டுமே என்றாலும், ஓசையற்ற முதல் மூன்று படிகளும், நினைப்பு உட்பட, கணக்கில் சேர்க்கப்பட்டிருப்பது வியப்புக்குரியது. மிருதங்கக்காரர் அடிக்காமல் விடும் இடங்களையும் எண்ணிக்கொண்டிருப்பது இதே அறிவினால்தான்.

கேள்வி: பா வகைகளுள் ஒன்றான வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் ஓசை என்கிறார்களே, கேட்பவர் உறங்கிவிடுவாரா?

பதில்: அது ஓதுபவரின் திறமையைப் பொறுத்தது. இலக்கணம் கருதியது தொங்கி அசைவதையே. தூங்கணாங்குருவியின் கூடு தொங்குகிறதே தவிர உறங்குவதில்லை.

கேள்வி: சலசல, கடகட என ஒலிச்சொற்கள் ஏன் இரண்டிரண்டாகவே வருகின்றன?

பதில்: ஒருமுறை மட்டும் கேட்ட ஒலியில் ஒழுங்கு இல்லை, அது திரும்ப வரும்போதுதான் ஒழுங்கு தோன்றுகிறது. இரட்டைக்கிளவி, அதாவது இரட்டித்தே வழங்கி, பிரித்தால் அந்தப் பொருளைத் தராத சொல், இரட்டையிலிருந்து பிரிந்து இசைக்காது என்பது தொல்காப்பிய விதி. அவ்வாறன்றி, தனித்து நின்றாலும் பொருள் தரும் சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறுவது அடுக்குத்தொடர் எனப்படும். அதற்கும் அந்நூல் வரம்பு கட்டியிருக்கிறது: விரைவைக் காட்டும் அடுக்கு மூன்று வரை வரலாம், செய்யுளில் ஓசையை நிறைக்கும் அடுக்கு நான்கு வரை வரலாம். ஆகவே பாம்பைக் கண்டு அலறுகிறவர் 'பாம்பு' என்று மூன்று முறை சொல்வதற்கே உரிமை பெற்றவர். நான்காவது முறையும் அலறினால், அவர் செய்யுள் இயற்றத் தொடங்கிவிட்டார் என்றே இலக்கணம் கொள்ளும்.