விரிச்சாச் சரி

திருகோணமலைத் துறைமுக நகரின் குடும்பத்தலைவர்களை வகைப்படுத்தப் புகும் ஆய்வாளர் எவரும் தவிர்க்க முடியாத ஓர் இனம் உண்டு. வீட்டுக்கு யாரோ வரப்போகிறார்கள் என்ற செய்தி எட்டிய அன்றே என்.சி. வீதிக்குப் போய், ஆறடி அகலக் காபட் சுருளில் வேண்டிய நீளத்தை வெட்டுவித்து, ஆட்டோவின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் அதனைக் கட்டியணைத்தபடி வீடு திரும்புபவர் அவர். தரை வெடித்துக் கிடக்கிறதே என்றாலும், நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறதே என்றாலும், மழைக்கு ஈரம் கசிகிறதே என்றாலும் அவரிடமிருந்து வரும் மறுமொழி “விரிச்சாச் சரி” என்பது ஒன்றே ஆகையால், அயலவர்கள் அவருக்கு அதையே பெயராக்கி ‘விரிச்சாச் சரி அண்ணர்’ என்று வழங்குகின்றனர். சனசமூக நிலையத்தின் வரவு செலவுக் கணக்கிலும், உறவுக்குள் மூளும் காணிச் சண்டையிலும் அவர் இதே கொள்கையைத்தான் கையாள்கிறார். அங்கெல்லாம் அது ஓரளவு பலித்தும் விடுகிறது. தரை விடயத்தில் மட்டும், அவர் நம்பி விரிக்கும் பொருளே அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

இங்கே காபட் எனப்படுவது கம்பளியால் நெய்த விரிப்பன்று. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கோடு நெகிழ்வூட்டும் பொருளைக் கலந்து, ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றரோ அதற்கும் குறைவோ ஆன தடிப்பில் தகடாக்கி, மேலே மரப்பலகை போன்றோ மாபிள் போன்றோ படம் அச்சிட்டு, தேய்மானம் தாங்க ஒளிபுகும் படையொன்றும் பூசிய விரிப்பு அது. காலால் மிதித்தால் சற்று அமுங்கி, காலை எடுத்ததும் பழைய நிலைக்கு மீள்வதால் இதனை மீள்தன்மைத் தரைவிரிப்பு என்ற வகையில் சேர்ப்பர். இதன் மூதாதையான லினோலியம், எண்ணெய்ப் பூச்சின் மேல் படியும் ஆடையைக் கவனித்த பிரெடரிக் வால்ட்டன் என்ற ஆங்கிலேயர், ஆளிவிதை எண்ணெயைக் காற்றுப்பட வைத்துத் தடிப்பாக்கி, தக்கைத் தூளும் பிசினும் சேர்த்துத் துணிமேல் பரப்பி 1860களில் உருவாக்கியதாகும். இது வீடுகளுக்கு மட்டுமன்றிப் போர்க்கப்பல்களுக்கும் ஏறியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைமீது குண்டு வீசிய சப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களுக்குத் துணையாக வந்த டோனே, சிக்குமா ஆகிய குறூசர்களின் மேல்தளத்தில் லினோலியம் விரிக்கப்பட்டு, பொருத்துகளின் மேல் பித்தளைச் சட்டங்கள் பதிக்கப்பட்டிருந்தன; பிரித்தானியக் கடற்படையும் தன் பங்குக்குக் கோர்ட்டிசீன் எனப்படும் தக்கை கலந்த உறவுப்பொருளைப் பல கப்பல்களின் தளத்தில் ஒட்டியிருந்தது. ஆகவே அன்று அடித்தவர்களும் அடிவாங்கியவர்களும் தரை விடயத்தில் ஒத்த கருத்தினராகவே இருந்திருக்கிறார்கள்.

1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்துப் போன பிரித்தானியர் விட்டுச்சென்றவற்றுள் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி நாடாளுமன்றம் முதல் தேநீர்க்கடை வரை பேசி முடித்தாயிற்று. பெரிய அதிகாரி பார்வையிட வரும் நாளுக்காகத் தரையைப் பளபளக்கச் செய்யும் பழக்கம் பற்றித்தான் ஒருவரும் பேசுவதில்லை. இன்றைய அட்மிரல்கள் கனடாவின் ஸ்காபரோவிலிருந்தும் இலண்டனின் ஹறோவிலிருந்தும் பள்ளி விடுமுறையை ஒட்டி வந்திறங்குகிறார்கள். அவர்கள் வராத ஆண்டில் பெண் பார்க்க வருவோர் இருக்கிறார்கள். அவர்களும் இல்லையென்றால், மகாசிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலில் நிறைகுடம் வைக்கும் வீட்டின் தரை சுவாமியின் கண்ணில் படுமே என்ற கவலை இருக்கிறது.

ஆயினும் அண்ணரின் தரைக்கவலை உச்சம் அடைவது ஐப்பசியில்தான். இம்மாவட்டத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையான வாடைக்காலத்தில் பெய்துவிடுவதால், அக்காலத்தில் சீமெந்துத் தரை கறுத்து, ஓரங்களில் உப்புப் பூத்து, நடக்கும்போது பாதத்தில் குளிர் ஏறுகிறது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் அதே தரை நன்றாகக் காய்ந்து, விரிப்பு ஒட்டுவதற்கு முழுத் தகுதியோடு கிடந்தபோது அவருக்கு அதன் நினைவே வந்ததில்லை. விரிக்க வேண்டும் என்ற எண்ணத்தை எந்த ஈரம் பிறப்பிக்கிறதோ, அந்த ஈரமே விரிக்கக் கூடாது என்பதற்கான காரணம் என்பதை அவர் ஒருநாளும் ஏற்றுக்கொள்ள மாட்டார். கொங்கிரீற்று நுண்ணிய துளைகள் நிறைந்த பொருளாதலால், நிலத்து ஈரம் அத்துளைகள் வழியே தானாக மேலேறி, தரை திறந்திருக்கும்வரை காற்றோடு கலந்து போய்விடுகிறது. நீர் புகாத பிளாஸ்டிக்கை மேலே விரித்ததும் அதற்குப் போக்கிடம் இல்லாமல் போக, சீமெந்தின் காரத்தையும் உப்பையும் கரைத்துக்கொண்டு அங்கேயே தங்கிப் பசையை இளக்குகிறது. இளகிய இடத்தில் கொப்புளம் எழுகிறது, கொப்புளத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கிறது.

இதை அறிவதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. 18 அங்குலச் சதுரப் பொலித்தீன் துண்டைத் தரையில் வைத்து, நான்கு விளிம்பையும் ரேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விட்டுப் பார்த்தால், உட்புறத்தில் நீர்த்துளி கட்டியிருக்கிறதா, தரை நிறம் மாறியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். காபட் ஒட்ட வந்த இளைஞன் இதைச் செய்து, மறுநாள் காலையில் வியர்த்திருந்த பொலித்தீனை எடுத்துக் காட்டியபோது நடந்த உரையாடல், இவ்வினத்தின் தத்துவத்தை முழுமையாகக் கூறுவதாகும்.

“அண்ணை, கீழ ஈரம் நிக்குது. மழை விடட்டும், மாசியில ஒட்டுவம்.”

“நிண்டா நிக்கட்டும் தம்பி. நாங்கள் மேலாலைதானே நடக்கப்போறம்?”

ஈரத்துக்கு அடுத்தது மேடு பள்ளம். பத்தடி நேர்ச்சட்டம் ஒன்றைத் தரையில் கிடத்திப் பார்த்தால் அதன் கீழ் ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது என்பது தொழில் தெரிந்தவர்களின் விதி. ஓட்டைகளையும் வெடிப்புகளையும் நிரப்பி, காயவிட்டு, தேய்த்து, கூட்டி, ஈரத்துணியால் துடைத்த பின்னரே விரிப்பு வர வேண்டும். ஏனெனில் இரண்டு மில்லிமீற்றர்த் தகடு கீழே உள்ளதை மறைப்பதில்லை, படியெடுத்துக் காட்டுகிறது. உப்புவெளிக் கடற்கரையில் விளையாடிவிட்டு வந்த பேரனின் காலிலிருந்து உதிர்ந்த ஒரு பருமணல் போதும். யன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் மாலை நேரத்தில் அது புதிய விரிப்பின் நடுவே பருவாக எழுந்து நிற்கும். அண்ணர் நிரப்புவதில்லை என்று சொல்வது அநியாயம். விரிக்கும் அன்று காலையில் சீமெந்து குழைத்துப் பெரிய பள்ளத்தை அடைக்கத்தான் செய்கிறார். புதிய கொங்கிரீற்று ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்ற கணக்கில் உலர வேண்டும் என்பதால், அவர் தமது மதியச் சோற்றுக்குள் முடித்துவிட நினைக்கும் வேலையின் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் அடுத்த பௌர்ணமி வரை காத்திருக்க வேண்டும்.

உவர்மலைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இதற்கு மேலும் ஓர் இடையூறு உண்டு. அங்குள்ள சிவப்புச் சீமெந்துத் தரை, அம்மம்மா முழங்காலிட்டு மேன்ஷன் பொலிஷ் பூசி, தும்புக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் பதத்துக்குக் கொண்டுவந்தது. அந்த மெழுகின்மேல் எந்தப் பசையும் பிடிப்பதில்லை. அதனைக் கரைப்பானிட்டுச் சுரண்டி எடுப்பதற்கு அண்ணரின் கொள்கையும் இடம் தராது, தாய்வழிப் பாசமும் இடம் தராது. ஆகவே கடையில் வாங்கிய பசை ஒருபுறமும், மறைந்த மூதாட்டியின் உழைப்பு மறுபுறமுமாக நடக்கும் போராட்டத்தில் மூதாட்டியே வெல்கிறார். உண்மையில் அந்தச் சிவப்புத் தரை அப்படியே கிடந்திருந்தால், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அதைத்தான் படமெடுத்துப் போட்டிருப்பார்கள் என்பது தனிக்கதை.

சுருளை வாங்கியதும் விரித்துவிடலாகாது. விரிக்கப்போகும் அறையிலேயே ஒருநாளாவது அவிழ்த்துக் கிடத்தினால்தான் அறையின் வெப்பத்துக்குப் பழகி, சுருண்டிருந்த நினைவை மறக்கும். அண்ணரிடம் அந்த ஒருநாள் இல்லை. எனவே நான்கு மூலைகளிலும் முறையே அம்மி, கேஸ் சிலிண்டர், தையல் இயந்திரம், அடுத்த வீட்டுச் சிறுவன் ஆகிய நான்கும் வைக்கப்படுகின்றன. நான்காவது அடிக்கடி எழுந்து ஓடிவிடுவதால் அந்த மூலை மட்டும் இறுதிவரை சுருண்டே நிற்கிறது.

இந்தக் கட்டத்தில்தான் அண்ணரின் தனித்திறமை வெளிப்படுகிறது. முறைப்படி வெட்டுபவர்கள் முதலில் தடித்த கடதாசியை அறை முழுவதும் பரப்பி, தூண், நிலைக்கால், மூலை ஆகியவற்றின் வடிவத்தை அதில் எடுத்து, அந்த வார்ப்புருவைச் சுருளின் மேல்முகத்தில் வைத்து வரைந்து வெட்டுவார்கள். அல்லது சுவரோரம் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக விட்டு விரித்து, மூலையில் தளர்வு வெட்டுப் போட்டு, பிறகு சிறுகச் சிறுக நறுக்கிக்கொண்டு வருவார்கள். அண்ணர் மகளின் பாடசாலை அடிமட்டத்தால் விறாந்தைத் தூணை அளந்து, அளவை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வருகிறார். மேல்முகம் மினுக்கமாக இருப்பதால் பேனா எழுதாது. ஆகையால் விரிப்பைப் புரட்டிப் போட்டு, வெளிறிய முதுகுப்புறத்தில் இடது மூலையில் ஒன்பது அங்குலச் சதுரத்தை மிக நேர்த்தியாகக் கோடிழுத்து, கோட்டை இருமுறை சரிபார்த்து, தேங்காய்ச் சொட்டு வெட்டும் கத்தியால் நிதானமாக அறுத்து எடுக்கிறார். வெட்டு உண்மையிலேயே அழகானது. பின்னர் மூவர் பிடித்து விரிப்பைத் திருப்பிப் போட, இடதிலிருந்த சதுரம் வலதுக்குப் போய்விடுகிறது; தூண் இருக்கும் இடத்தில் விரிப்பும், விரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையுமாக வந்து நிற்கிறது. அனைவரும் சற்று நேரம் தூணைப் பார்க்கிறார்கள். அண்ணரின் முகத்தில் தெரியும் குற்றச்சாட்டு முழுவதும் தூணின் மீதே இருக்கும். வெட்டியெடுத்த சதுரம் மீண்டும் ஓட்டையில் வைத்து ஒட்டப்படுகிறது. அதன்மேல் பூச்சாடி ஒன்று நிரந்தரமாகக் குடியேறுகிறது.

இரு துண்டுகள் சந்திக்கும் பொருத்து இதைவிடச் சுருக்கமாகத் தீர்க்கப்படுகிறது. ஒன்றன்மேல் ஒன்றை ஓரங்குலம் ஏற்றி, பூவோடு பூ பொருந்த வைத்து, இரும்புச் சட்டத்தை ஊன்றி இரண்டையும் ஒரே வெட்டில் அறுத்தால் இடைவெளியே தெரியாது. பூ பொருந்துவதற்கு நீளம் சற்றுக் கூடுதலாக வாங்கியிருக்க வேண்டும். அண்ணர் கணக்காக வாங்கியவர். சப்பானியக் கப்பல்காரர் பொருத்தின்மேல் பித்தளைச் சட்டம் பதித்தார்கள். அண்ணர் அலுமாரியை நகர்த்தி வைக்கிறார். அலுமாரி வைக்க முடியாத நடுவாசலில் பொருத்து வந்துவிட்டால், அங்கே ‘நல்வரவு’ என்று எழுதிய றபர் மிதியடி போடப்படுகிறது. றபரிலுள்ள இரசாயனம் வினைலோடு கலந்து நாளடைவில் அழியாத மஞ்சள் கறையை உண்டாக்கும் என்பதால், சில மாதங்களில் மிதியடியை எடுத்தாலும் அதன் வடிவம் அங்கே நிலைத்திருக்கிறது.

பசை பூசியதும் ஏறத்தாழ 45 கிலோகிராம் எடையுள்ள உருளையை நடுவிலிருந்து ஓரம் நோக்கி உருட்டி, உள்ளே அகப்பட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அண்ணரிடம் உருளை இல்லை, மச்சான் இருக்கிறார். எடை தாராளமாகவே இருந்தாலும், அவர் உருளாமல் நடப்பதால் காற்று வெளியேறுவதற்குப் பதிலாக ஒரு பாதத்தின் கீழிருந்து மறு பாதத்தின் கீழ் போய்ச் சேருகிறது. விருந்தாக வரும் கனடாச் சித்தி வாசல் தாண்டிக் காலை வைத்ததும் விரிப்பு ‘புஸ்’ என்று அமுங்கி, இரண்டடி தள்ளி எழும்புகிறது.

“இதென்னடா, நிலம் மூச்சு விடுது?”

“அது ஸ்பொஞ் வச்ச காபட் சித்தி. முழங்காலுக்கு நல்லதாம்.”

விரிப்புக்குக் கீழே மென்னுரைப் படை வைத்த வகை ஒன்று கடைகளில் உண்டு என்பது மெய். அண்ணர் வாங்கியது அதுவன்று. எனினும் சித்தி இருந்த மூன்று வாரமும் முழங்கால் வலி குறைந்ததாகவே சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருகைக்குப் பழையதைக் கிழித்தெடுக்கும் வேலை இல்லை. அதன்மேலேயே புதியது வரும். இவ்வாறு மூன்று, நான்கு படைகள் ஏறிய பின், கதவு திறக்க மறுத்து, கதவின் அடியைச் சீவச் சொல்லித் தச்சரிடம் போகும்போதுதான் வீட்டார் ஒன்றுகூடி எல்லாவற்றையும் கழற்றத் தீர்மானிக்கிறார்கள். மரத்தின் ஆண்டு வளையம்போல் படைகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன: சித்தியின் மாபிள் நிறம், மூத்தவளின் கலியாணத்துப் பச்சைக் கட்டம், பெயர் மறந்துபோன யாரோ ஒருவருக்காக விரித்த மரப்பலகைப் படம். ஆகக் கீழே, ஈரத்தை உறிஞ்சும் என்ற நம்பிக்கையில் பரப்பிய பழைய வீரகேசரித் தாள்கள் கிடக்கின்றன. ஒட்டுகிற இளைஞன் அவற்றை அள்ளப் போக, அண்ணர் கையமர்த்திவிட்டுக் குந்தியிருந்து, 1996 மார்ச்சில் லாகூரில் இலங்கை அவுஸ்திரேலியாவை வென்ற செய்தியை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறார். வாசித்து முடித்துத் தாளின் மூலையை விரலால் தடவிப் பார்த்தவர், அது கிழியாமலும் உக்காமலும் இருப்பதைக் கண்டு நிமிர்கிறார்.

“பாத்தியோ தம்பி, ஒரு பொட்டு ஈரமில்லை. இதை எடுக்காதை, மேலால விரி.”